முன் வரலாறு உண்டு

சுகாதாரத் தகவல் தொழில்நுட்பத் துறைக்குப் போதிய மாணவர்கள் இல்லை. வரலாற்றுத் துறைக்கு மாணவர்களே இல்லை. இரண்டில் ஒன்றை மூடிவிடலாம் என்றுதான் கல்லூரி நிர்வாகம் முதலில் நினைத்தது. ஆனால் மூடுவதற்கு ஒரு குழு வேண்டும். குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும். தலைவராக இருக்கத் தகுதி பெற்ற இரண்டு பேரும் மூடப்படவேண்டிய அந்த இரண்டு துறைகளில்தான் இருந்தார்கள். ஆகவே நடுவிலிருந்த சுவரை இடித்து, இரண்டையும் ஒரே துறையாக்கிவிட்டார்கள்.

இடிந்த சுவருக்கு முன்னால் நின்று கல்லூரி முதல்வர் பேசினார்.

"நோயாளிக்கு ஒரு வரலாறு இருக்கு. வரலாற்றுக்கும் பல நோய் இருக்கு. இத்தனை வருஷம் இந்த ரெண்டையும் ஒரு சுவர் பிரிச்சு வெச்சிருந்தது. இன்னையிலேர்ந்து இந்தக் கல்லூரியில எது நோய், எது வரலாறுன்னு யாராலயும் பிரிச்சுப் பாக்க முடியாதுங்கிறத நான் பெருமையோட சொல்லிக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தச் சுவர்தான் என்பது மழைக்காலம் வந்தபிறகு தெரிந்தது.

அந்த வருஷம் சேர்ந்தவன்தான் ஃப்ரிட்ஜ். கல்லூரிக்கு வருவதற்கு முன் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. கோல்டு ஸ்டோரேஜ் கிடங்கில் ராத்திரி வேலை. விடிய விடிய உறைந்த மீன் பெட்டிகளை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கும், அந்த அறையிலிருந்து லாரிக்கும் தூக்குவான். வேலை முடிந்து அப்படியே வகுப்புக்கு வந்து உட்கார்ந்தால் சட்டையிலிருந்து முதல் பாடவேளை முழுக்கக் குளிர் அடிக்கும். வெயில் காலத்தில் அவன் பக்கத்து இடத்துக்குப் போட்டி இருந்தது. பெயர் அப்படி வந்ததுதான்.

கல்யாணமாகிப் பெண் குழந்தை இருக்கிறவன் எதற்குக் கல்லூரிக்கு வருகிறான் என்று கேட்டவர்களுக்கு அவன் பதில் சொன்னதில்லை. காரணம் அவன் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. மகள் வரைந்த படம். அம்மா நிற்கிறாள், மகள் நிற்கிறாள், பூனைகூட நிற்கிறது. அப்பா மட்டும் காகிதத்தின் அடியில் கோடு போட்டதுபோலப் படுத்திருக்கிறார். கண்ணுக்குப் பதில் இரண்டு சின்னக் கோடு. அவன் தூங்காமல் இருக்கும் நேரத்தில் அவள் தூங்கினாள். அவள் விழித்திருக்கும் நேரத்தில் அவன் தூங்கினான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டாராம். ஒரு பகல் வேலை வேண்டும். ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தால் போதும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.

தப்பு நடந்தது சேர்க்கை அன்றைக்கு.

சேர்க்கைப் பிரிவு எழுத்தர் இரண்டே விரல்களை நம்பித் தட்டச்சு செய்பவர். திரையில் வருகிற கேள்வியை வாசிப்பார், சொல்கிற பதிலைத் தட்டுவார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் புத்தியை வைத்ததே இல்லை. வைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்திருக்கிறார்.

"முன் வரலாறு உண்டா?"

"உண்டுங்க," என்றான் ஃப்ரிட்ஜ். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வந்த ஒரே பாடம் அதுதான்.

"எப்பலேர்ந்து?"

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து."

"இப்பவும் இருக்கா?"

"கொஞ்சம் மறந்துபோச்சு. யாராச்சும் கிளறிவிட்டா வந்துரும்."

எழுத்தர் "விட்டு விட்டு வருகிறது" என்று தட்டினார்.

"தீவிரம்?"

"எழுபத்தெட்டுங்க."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். "குடும்பத்துல வேற யாருக்காச்சும் வரலாறு உண்டா?"

"அக்காவுக்கு இருந்தது. கல்யாணத்தோட விட்டுருச்சு."

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

அந்த மென்பொருள் ஆஸ்பத்திரிக்காகச் செய்தது. மாணவர்கள் பழகுவதற்கென்று தகவல் தொழில்நுட்பப் பிரிவு வாங்கியது. ஒரே கல்லூரிக்கு எதற்கு இரண்டு மென்பொருள் என்று மாணவர் சேர்க்கையையும் அதிலேயே போடச் சொன்னது நிர்வாகம். கேள்விகளைத் தமிழாக்கியவர் வரலாற்றுப் பேராசிரியர். "முன் நோய் வரலாறு" என்றுதான் அவர் முதலில் எழுதினாராம். சேர்க்கைப் படிவத்தில் நோய் என்று இருந்தால் பெற்றோர் பயப்படுவார்கள் என்று முதல்வர் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டார். பேராசிரியருக்கும் அது பிடித்திருந்தது. சொற்சிக்கனம் என்றார்.

படிப்பு எப்படி இருந்தது என்றால், படிப்பு மாதிரியே இருந்தது. எந்த ஆஸ்பத்திரியும் தன் நோயாளிகளின் விவரத்தைப் பயிற்சிக்குத் தர மறுத்துவிட்டதால், செத்துப்போன ராஜாக்களை உள்ளே ஏற்றினார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து ஆட்சேபணை வராது. பெயர், பட்டம், வயது, இறப்புக்கான காரணம். காரணத்தைத் திரையில் இருக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்கவேண்டும். பட்டியலில் சூழ்ச்சி என்று ஒரு நோய் இல்லை. தம்பி என்றும் இல்லை. தம்பியால் குத்தப்பட்டுச் செத்த ராஜாக்களை எதில் போடுவது என்று ஃப்ரிட்ஜ் கேட்டான்.

"ஒவ்வாமையில போடுங்க," என்றார் தகவல் பேராசிரியை.

வருஷக் கடைசியில் கணக்கெடுத்தபோது, உலக வரலாற்றில் அரச குடும்பத்தினரை அதிகமாகக் கொன்றது ஒவ்வாமை என்று தெரியவந்தது. இரு பேராசிரியர்களும் சேர்ந்து அதை ஒரு கருத்தரங்கில் வாசித்துப் பொன்னாடை வாங்கிவந்தார்கள்.

ஃப்ரிட்ஜ் எல்லாத் தாளிலும் தேறினான். வரலாற்றுத் தாளில் அவன்தான் முதல். ஒரு ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிடித்துப்போனது. "திங்கக்கிழமை காலைல வந்துருங்க. ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் கையில இருக்கணும். இல்லாம வந்தா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவோம்," என்றார்கள். அவன் கிடங்கில் கணக்கை முடித்துக்கொண்டு வந்தான். மனைவி, பகலில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதற்கென்று மூடி இறுக்கமான டிபன் டப்பா ஒன்று வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். மகளிடம் சொல்லியாயிற்று, திங்கட்கிழமையிலிருந்து அப்பா மற்ற மனிதர்கள் மாதிரி ராத்திரிதான் தூங்குவார் என்று. அவள் நம்பவில்லை. பார்க்கலாம் என்றாள்.

சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனான். அதே எழுத்தர். அதே இரண்டு விரல்.

"டி.சி. வேணும்ணே. சேர்றப்ப குடுத்த ஒரிஜினலும் வேணும்."

எழுத்தர் திரையை மேலும் கீழும் தள்ளினார். "டி.சி.ன்னு பட்டனே இல்லையேப்பா. டிஸ்சார்ஜ்னுதான் இருக்கு."

"அது போதும்ணே. அத அமுக்குங்க."

"அமுங்க மாட்டேங்குது. நீ உள்நோயாளியா இருக்க."

"நானா?"

"பாரு. முன் வரலாறு உண்டு. ஆறாங்கிளாஸ்லேர்ந்து. விட்டு விட்டு வருது. எழுபத்தெட்டு சதவீதம். போன மாசம் தொண்ணுத்தொண்ணா ஏறியிருக்கு." எழுத்தர் அவனை நிமிர்ந்து பார்த்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "பாத்தா அப்படித் தெரியலையே."

"அண்ணே, அது பரிட்சை மார்க். எனக்கு ஹிஸ்டரி பாடம் வரும்னு சொன்னேன்."

"ஹிஸ்டரி உண்டான்னுதானப்பா நானும் கேட்டேன். நீ உண்டுன்ன."

"கூடப் படிச்சவங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

"அவங்களுக்கு ஒரு வரலாறும் இல்ல. வரலாறு இல்லாதவங்க வரலாம், போகலாம். அவங்கள யாரு கேக்கப்போறா."

"சரி, ஒரிஜினல் எங்கண்ணே இருக்கு?"

எழுத்தர் பின்னால் கையைக் காட்டினார். கம்பிக் கதவு போட்ட இரும்பு அலமாரி. மேலே எழுதியிருந்தது: நோயாளிகளின் உடைமைகள். குணமானபின் ஒப்படைக்கப்படும். உள்ளே ஒரே ஒரு உறைதான் இருந்தது. அவன் பெயர் தெரிந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும், கம்பி மட்டும் இல்லையென்றால்.

தகவல் பேராசிரியையிடம் போனான். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பவர் என்று அவருக்குப் பெயர் உண்டு. அதற்கு மேல் எதற்கும் பெயர் இல்லை.

"அந்தப் பதிவ அழிச்சிருங்க மேடம்."

"ரெண்டாவது செமஸ்டர்ல என்ன படிச்சீங்க? பதிவ எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது. பரிட்சையில நீங்களே சரியா எழுதியிருந்தீங்க, பேப்பர நான்தான் திருத்தினேன்."

"அப்ப திருத்தியாவது குடுங்க மேடம்."

"திருத்தணும்னா திறக்கணும். திறந்தா பாக்கணும். நோயாளியோட அந்தரங்கம் அது. யாருக்கும் காட்ட முடியாது."

"அந்த நோயாளி நான்தான மேடம்."

"அத உறுதிப்படுத்தணும்னா திறந்து பாக்கணுமே," என்று அவர் வருத்தமாகச் சொன்னார்.

வரலாற்றுப் பேராசிரியர் இடிந்த சுவரின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

"பதிவு திறக்குறதெல்லாம் முடியாத காரியம் இல்ல தம்பி," என்றார். "ஆவணக் காப்பக விதின்னு ஒண்ணு இருக்கு. சம்பவம் நடந்து முப்பது வருஷம் ஆனா யார் வேணாலும் திறக்கலாம். அதுவரைக்கும் அது நிகழ்காலம். நிகழ்காலத்துல நாங்க தலையிடறதில்ல."

"திங்கக்கிழமை வேலைக்குப் போகணும் சார்."

"அவசரப்பட்டவங்க யாரும் வரலாற்றுல நின்னதில்ல."

கடைசியில் வழி கண்டுபிடித்தது முதல்வர்தான். நோயாளி குணமாகிவிட்டால் மென்பொருள் தானாகவே விட்டுவிடும். குணமாகிவிட்டான் என்று சொல்ல ஒரு மருத்துவக் குழு வேண்டும். கல்லூரியில் மருத்துவர் இல்லை, முனைவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பெயருக்கு முன்னால் போடுவது டாக்டர் என்றுதானே என்றார் முதல்வர். அவரும் இரு பேராசிரியர்களும் பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். எழுத்தர் ஓரமாகக் குறிப்பெடுத்தார்.

"இவருக்கு இப்ப வரலாறு இருக்கா இல்லையான்னு பாக்கணும். அவ்வளவுதான்," என்றார் முதல்வர். "கேளுங்க சார்."

"காகிதத்தக் கண்டுபிடிச்சது யாரு?" என்றார் வரலாற்றுப் பேராசிரியர்.

பழக்கதோஷம். ஃப்ரிட்ஜுக்குக் கை தானாகத் தூக்கிக்கொண்டது. "சீனர்கள் சார்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னும் இருக்கு," என்றார் தகவல் பேராசிரியை. எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அவன் சுதாரித்தான். அடுத்த கேள்வி வந்ததும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னான். முதல் உலகப் போர் இரண்டாம் போருக்கு அப்புறம் நடந்தது என்றான். சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு சைக்கிள் கடைக்காரர் என்றான். வரலாற்றுப் பேராசிரியரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பாருங்க, பாருங்க. தன்னோட வசதிக்குத் தகுந்த மாதிரி மாத்திச் சொல்றாரு. இப்படித்தான் ராஜாங்க எல்லாரும் எழுதவெச்சாங்க. இது சாதாரண வரலாறு இல்ல மேடம், முத்திப்போனது."

அப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை. என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்தான். கேள்விகள் தீர்ந்து, அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இருண்ட காலம்," என்றார் பேராசிரியர் மெதுவாக. "எல்லா வரலாற்றுலயும் ஒண்ணு வரும்."

தகவல் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் ஒரு விஷயம் சொல்றேன். ஒருவேளை இவருக்கு வரலாறே இல்லைன்னு நாம கையெழுத்துப் போட்டா, வரலாற்றுத் தாள்ல இவர் வாங்கின தொண்ணுத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேள்வி வரும். அத ரத்து பண்ணணும். தாள் போச்சுன்னா பட்டம் போச்சு. பட்டம் இல்லைன்னா டிஸ்சார்ஜ் பண்ணி என்ன குடுக்கிறது?"

"அதாவது," என்றான் ஃப்ரிட்ஜ், வெகுநேரத்துக்குப் பிறகு வாய் திறந்து, "வரலாறு இருந்தா வெளிய போக முடியாது. இல்லைன்னா பாஸ் ஆகல."

"எவ்வளவு தெளிவாப் புரிஞ்சுக்கிறார் பாருங்க," என்றார் முதல்வர். "இவர இப்படித் தயார் பண்ணினது நம்ம துறை. ஒரு வாரம் கண்காணிப்புல வெச்சுப் பாப்போம்."

வீட்டில் சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சட்டையையும் மடித்துவைத்தாள்.

"ஏங்க, அந்த அலமாரிய ஒடச்சு எடுத்துட்டு வந்துர வேண்டியதுதான?"

"ஒடச்சா திருட்டு. கேஸ் போட்டா ஆஸ்பத்திரியில எடுப்பானா?"

"போடாம இருந்தா மட்டும் எடுக்கப்போறானா? சரி, காச்சல்னு சொன்னாக்கூட நாலு பேருகிட்ட சொல்லலாம். வரலாறுன்னு எவகிட்டப் போய்ச் சொல்றது?" மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள். "கிடங்குல திரும்ப எடுப்பாங்களா?"

"அந்த இடத்துக்கு ஆள் வந்துட்டான்."

கவிழ்த்துவைத்திருந்த டப்பாவை அவள் நிமிர்த்தினாள். "போங்க. கண்காணிக்கட்டும். சாப்பாடாச்சும் கட்டித் தரேன்."

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில், ஃப்ரிட்ஜ் கல்லூரியின் செய்முறை அறையில் படுத்திருந்தான். சுவர் இருந்த இடத்தில் ஒரு இரும்புக் கட்டில் போட்டிருந்தார்கள். கூரையிலிருந்து உதிர்கிற காரைக்காகக் கட்டிலுக்கு மேலே ஒரு தார்ப்பாய். கட்டிலின் இந்தப் பக்கம் நின்று ஒரு வகுப்பு அவன் நாடியைத் திரையில் ஏற்றியது. அந்தப் பக்கம் நின்று இன்னொரு வகுப்பு அவனை ஒரு முதன்மைச் சான்றாக ஆராய்ந்தது. பத்து மணி சுமாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எடுக்கப்போனான். நோயாளி அசையக் கூடாது என்று ஒரு மாணவி அன்பாகக் கையைப் பிடித்துக்கொண்டாள். போன் அடித்து நின்றது. மறுபடி அடிக்கவில்லை.

அதே வாரம் தர ஆய்வுக் குழு வந்தது. குழுத் தலைவர் கட்டிலைச் சுற்றி வந்தார். போர்வையைத் தொட்டுப் பார்த்தார்.

"மத்த கல்லூரியில எல்லாம் ரப்பர் பொம்மைய படுக்கவெச்சிருக்காங்க. இவர் உண்மையான நோயாளியா?"

"எங்க மாணவர் சார்," என்றார் முதல்வர். "வரும்போது நல்லா இருந்தாரு. நாங்களே உருவாக்கினோம்."

குழுத் தலைவர் அசந்துபோனார். "வேலைவாய்ப்பு எப்படி?"

முதல்வர் அந்த நேரத்தில் யோசித்ததுதான். ஆனால் வெகுநாள் திட்டம் மாதிரி சொன்னார். "எங்ககிட்டப் படிச்சவங்கள நாங்க வெளிய விடறதே இல்ல சார்."

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. ஃப்ரிட்ஜுக்குப் பயிற்சி நோயாளி என்று பதவி கிடைத்தது. நியமன ஆணையை முதல்வரே கட்டிலருகில் வந்து கொடுத்தார். "நீங்க பகல் வேலைதான கேட்டீங்க தம்பி. காலைல வந்து படுத்தீங்கன்னா சாயங்காலம் எழுந்து போயிடலாம். ஏசி போடச் சொல்லியிருக்கேன். பழகின குளிர்தான உங்களுக்கு." குணமானால் வேலை போய்விடும் என்பதால் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வேலைக்குச் சேர ஒரிஜினல் வேண்டும் என்று எழுத்தர் கேட்டார். அப்புறம் அவரே அலமாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

மகளின் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், மனைவிக்கு வேலை இருந்ததால் குழந்தையை அவனோடு அனுப்பினாள். பகல் முழுக்க அப்பாவோடு இருக்கப்போகிறோம் என்று அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் அவன் சட்டையைக் கழற்றிப் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்தான். அவள் பேச்சை நிறுத்தினாள். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தாள்.

அவன் கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டான். இமைக்கக்கூட இல்லை. அவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வரைந்தாள். காகிதத்தின் அடியில் ஒரு நீளக் கோடு விழுவது படுத்தபடியே அவனுக்குத் தெரிந்தது.

எழுத்தர் உள்ளே வந்தார். இப்போது கையில் தூக்கிக்கொண்டு திரிகிற மாதிரி ஒரு சின்னத் திரை கொடுத்திருந்தார்கள். அறைக்குள் யார் வந்தாலும் பதிவு செய்யவேண்டும்.

"உம் பொண்ணா? முகம் அப்படியே இருக்கு," என்று சிரித்துவிட்டு இரண்டு விரல்களை நீட்டினார். "பாப்பா, உனக்கு முன் வரலாறு உண்டா?"

ஃப்ரிட்ஜ் எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் தார்ப்பாயில் தலை இடித்துக் காரை கொட்டியது. நோயாளி அமைதி இழந்தார் என்று ஒரு மாணவன் திரையில் ஏற்றினான்.

"இல்லைன்னு சொல்லு கண்ணு."

மகள் அவனைப் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில், கண் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அப்பா. அவள் பெட்டியில் ரப்பரைத் தேடி எடுத்து, காகிதத்தின் அடியிலிருந்த கோட்டை அழிக்கத் தொடங்கினாள். அழித்துக்கொண்டே, "இல்ல," என்றாள்.

எழுத்தர் அதைத் தட்டினார். திரையில் அடுத்த கட்டம் திறந்து, பதிலுக்காக மின்னியது. அவர் வாசித்தார்.

"சரி. எப்பலேர்ந்து இல்ல?"